வாங்கறது விக்கறது: பேச்சுல ஆரம்பிச்சு பாக்கி வசூல் வரைக்கும் சட்டம் என்ன சொல்லுது? ஒரு முழு வழிகாட்டி

சென்னை வண்ணாரப்பேட்டை எம்சி ரோட்டுல ஒரு ஹோல்சேல் கடைன்னு வச்சுக்குங்க. நீங்க போய் ரேக்ல இருந்து 120 நைட்டி பொறுக்கி எடுக்கறீங்க, விலை பேசி முடிக்கறீங்க, கடைக்காரர் அதைத் தனி மூட்டையா கட்டி மேல மார்க்கர்ல உங்க பேரை எழுதி ஓரமா வச்சிடறாரு. "காசு நாளைக்கு குடுத்தனுப்பறேன்ணா, சரக்கையும் அப்பவே எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டு வந்துட்டீங்க. ராத்திரி பேய் மழை, வண்ணாரப்பேட்டை பூரா முட்டி அளவு தண்ணி, கடைக்குள்ள பூந்து மூட்டை ஊறிப் போச்சு. நஷ்டம் யாருக்கு?

கேட்டா முக்காவாசி பேரு கடைக்காரருக்குதான்னு சொல்லுவாங்க. காசும் கைமாறல, சரக்கும் கைமாறல, அப்புறம் எப்படி நம்ம தலையில விழும்னு ஒரு நெனப்பு. ஆனா வேற எதுவும் தனியா பேசிக்கலைன்னா சட்டப்படி அந்த மூட்டை பேசி முடிச்ச நிமிஷமே உங்களோடது, நஷ்டமும் உங்களோடது. ஏன்னு நாலாவது படில சொல்றேன், ஏன்னா அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு.

வாங்கற விக்கற விஷயத்துல சண்டை வந்தா எல்லாரும் மொதல்ல கேக்கற கேள்வி "காசு யார் தரணும்?". அதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி "அந்த நேரத்துல பொருள் யாரோடது?". இந்த ஒண்ணைப் புடிச்சுட்டீங்கன்னா பாதி சட்டம் தானா வெளங்கிடும்.

நமக்கு தேவையான சட்டம் ரெண்டு. ஒண்ணு இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, இன்னொண்ணு சரக்கு விற்பனைச் சட்டம் 1930. ரெண்டும் முன்னாடி ஒரே வீடுதான், 1872 சட்டத்துல 76ல இருந்து 123 வரைக்கும் இருந்த பிரிவுகளை எடுத்துட்டு தனிக்குடித்தனம் மாதிரி 1930ல தனிச் சட்டம் போட்டாங்க, ஜூலை 1ல இருந்து அமலுக்கு வந்துச்சு. அதனால ஒப்பந்தச் சட்டத்தோட பொது விதி எல்லாம் சரக்கு விக்கறதுக்கும் செல்லும். சரக்குன்னா நகர்த்தக்கூடிய பொருள் எல்லாமே: மீன், துணி, பைக், போன், கம்பெனி ஷேர் கூட. வீடு, மனை இதுல வராது, அதுக்கு வேற சட்டம் வேற பத்திரம், இங்க அதைப் பேசல.

படி 1: பேசினது ஒப்பந்தம் ஆச்சா இல்லையான்னு பாருங்க

பத்திரத்துல எழுதி கையெழுத்து போட்டாதான் ஒப்பந்தம்னு நம்மாளுங்க நிறைய பேரு நம்பறாங்க. சரக்கு விக்கறதுக்கு அப்படி எந்த கட்டாயமும் இல்ல. வாயால பேசினாலே போதும்னு 1930 சட்டத்தோட 5வது பிரிவே சொல்லுது. ஒருத்தர் "இதை இந்த விலைக்கு தர்றேன்"னு சொல்லணும், இன்னொருத்தர் அதை அப்படியே, கூட்டாம குறைக்காம ஒத்துக்கணும், அவ்ளோதான்.

அந்த "அப்படியே"லதான் விஷயம் இருக்கு. பர்மா பஜார்ல நடக்கறதைப் பாருங்க.

"இன்னாண்ணா வெல?"
"எட்நூறுபா."
"ஐநூறுக்கு குடுண்ணா."
"கட்டாதுபா, கெளம்பு."
நாலு கடை சுத்திட்டு திரும்பி வந்து, "சரிண்ணா, எட்நூறே வச்சுக்கோ."
"இப்ப ஆயிரம்."

அநியாயமா இருக்குல்ல? ஆனா அவரு சட்டப்படி கரெக்ட். நீங்க ஐநூறுன்னு கேட்ட நிமிஷமே அவரோட எட்நூறு செத்துப் போச்சு, அதுக்கு பதிலா நீங்கதான் புதுசா ஒரு விலை வச்சீங்க, அதை அவர் வேணாம்னுட்டாரு. நீங்க திரும்பி வந்து எட்நூறு சொன்னது மறுபடி உங்க பக்கத்துல இருந்து வந்த புது கோரிக்கை, ஒத்துக்கறதும் விடறதும் அவர் இஷ்டம். 1840ல இங்கிலாந்துல ஹைட் – ரென்ச் கேஸ்ல இதையேதான் தீர்ப்பா சொன்னாங்க, இன்னைக்கு வரைக்கும் மாறல. அதனால அந்த விலை போனா பரவால்லன்னு இருந்தா மட்டும் பேரம் பேசுங்க, வேணும்னு இருந்தா "கடைசியா எவ்ளோக்கு தருவீங்க?"ன்னு கேளுங்க. கேள்வி கேக்கறது பேரம் ஆகாது, அவரு சொன்ன விலையும் உயிரோட இருக்கும்.

ஷோகேஸ்ல விலை ஒட்டி வச்சிருக்கறது வெறும் அழைப்புதான், நீங்க எடுத்து கவுண்டர்ல வச்சு அவர் பில் போட ஒத்துக்கும்போதுதான் ஒப்பந்தம். ஆனா எம்ஆர்பிக்கு மேல வாங்கறது தனிக் குத்தம், அதை இதோட குழப்பிக்காதீங்க.

இப்பல்லாம் எல்லாம் வாட்ஸ்அப்லதான் நடக்குது. செல்லுமா? செல்லும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000ல 10ஏ பிரிவு எலக்ட்ரானிக்ல போட்ட ஒப்பந்தம்ங்கறதுக்காகவே ஒண்ணை செல்லாதுன்னு தள்ள முடியாதுன்னு சொல்லுது. கட்டைவிரல் எமோஜி போட்டா ஒத்துக்கிட்டதா அர்த்தமான்னு கேக்கறீங்களா, கனடாவுல சஸ்காச்சுவன் மாகாண கோர்ட் 2023ல ஆளி விதை விக்கற ஒரு கேஸ்ல ஆமான்னு சொல்லிருச்சு, விதை குடுக்காத விவசாயி நஷ்ட ஈடு கட்ட வேண்டியதாச்சு. அது நம்மூர் கோர்ட்டைக் கட்டுப்படுத்தாதுதான், ஆனாலும் ஆர்டர் மெசேஜுக்கு கீழ சும்மா "பாத்துட்டேன்"ங்கற அர்த்தத்துல விரலைத் தூக்கற பழக்கத்தை இன்னைக்கே விட்டுடுங்க.

பதிலே போடாம இருந்தா? "சாயந்திரத்துக்குள்ள பதில் வரலைன்னா ஓகேன்னு எடுத்துக்கறேன்"னு ஒருத்தர் மெசேஜ் போட்டா நீங்க சும்மா இருக்கலாம், உங்க மௌனத்தை சம்மதமா மாத்த அவருக்கு அதிகாரம் கிடையாது.

ஏலம் தனிக்கதை, காசிமேட்டுக்காரங்களுக்கு இது முக்கியம். விடியக்காத்தால லாஞ்ச்ல இருந்து மீனை இறக்கி, வஞ்சிரம் ஒரு பக்கம் சங்கரா ஒரு பக்கம்னு கொட்டி வச்சு ஏலம் கூவறாங்க. 1930 சட்டத்தோட 64வது பிரிவுப்படி ஒவ்வொரு குவியலும் தனித்தனி ஒப்பந்தம். "மூணு தரம்"னு சொல்லியோ, அந்த இடத்து வழக்கப்படி வேற மாதிரியோ ஏலம் முடியற வரைக்கும் கேட்டவர் வாபஸ் வாங்கலாம், ஏலக்காரர் கோச்சுக்கலாம் ஆனா கட்டாயப்படுத்த முடியாது. முடிஞ்ச பிறகு வாபஸ் கிடையாது. இன்னொண்ணு, நானும் கேப்பேன்னு முன்னாடியே சொல்லாம மீன்காரரே ஒரு ஆளை கூட்டத்துல நிக்க வச்சு விலையை ஏத்தினா அது மோசடி, வாங்கினவர் அந்த ஏலத்தையே வேணாம்னு சொல்லலாம்.

படி 2: எதிர்ல இருக்கறவர் யாரு, எப்படி ஒத்துக்கிட்டாரு

18 வயசு ஆகாத பையன்கூட போட்ட ஒப்பந்தம் ஆரம்பத்துல இருந்தே செல்லாது. மோஹரி பீபீ கேஸ்ல 1903லயே, அப்ப நம்ம நாட்டுக்கு கடைசி அப்பீல் கோர்ட்டா இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் முடிச்சு வச்ச விஷயம் இது. 17 வயசு பையனுக்கு இன்ஸ்டால்மெண்ட்ல செல்போன் குடுத்துட்டு தவணை வரலைன்னு கோர்ட்டுக்குப் போனீங்கன்னா ஒண்ணும் பண்ண முடியாது, வயசைப் பத்தி அவன் பொய் சொல்லியிருந்தாலும் ஒப்பந்தம்னு சொல்லி அவனைக் கட்டாயப்படுத்த முடியாது. கடன்ல குடுக்கறதுன்னா அப்பா அம்மா பேர்ல பில் போடுங்க. சோறு, துணி மாதிரி அத்தியாவசியப் பொருள் குடுத்திருந்தா மட்டும் அவன் பேர்ல சொத்து இருந்தா அதுல இருந்து வாங்கிக்கலாம்.

மிரட்டி வாங்கின சம்மதம் சம்மதமே இல்ல. கத்தியைக் காட்டினாதான் மிரட்டல்னு இல்ல, தற்கொலை பண்ணிக்குவேன்னு பயமுறுத்தறதும் மிரட்டல்தான், அமிராஜு – சேஷம்மா கேஸ்ல 1917ல நம்ம மெட்ராஸ் ஹைகோர்ட் சொன்னது. புருஷன்காரர் செத்துடுவேன்னு பொண்டாட்டியையும் புள்ளையையும் மிரட்டி எழுதி வாங்கின விடுதலைப் பத்திரம் அது.

அப்புறம் ஏமாத்தறது. இதுல ரொம்ப பேருக்கு தெரியாத ஒரு நுணுக்கம் இருக்கு. ஓட்டின பைக் விக்கறவர் இன்ஜின்ல இருக்கற கோளாறை தானா வாய தொறந்து சொல்லணும்னு ஒப்பந்தச் சட்டம் பொதுவா கட்டாயப்படுத்தல, சும்மா இருக்கறது மோசடி ஆகாது. ஆனா நீங்க "அண்ணே, நீங்க இல்லன்னு சொல்லலைன்னா இன்ஜின் நல்லா இருக்குன்னு எடுத்துக்கறேன்"னு கேட்டு, அவர் வாய மூடிக்கினு இருந்தா அந்த மௌனம் பேச்சுக்கு சமம், மோசடிதான். ஒப்பந்தச் சட்டத்தோட 17வது பிரிவுலயே குதிரையை வச்சு இந்த உதாரணம் குடுத்திருக்காங்க. அதனால பைக், டிவி, பிரிட்ஜ் எதுவா இருந்தாலும் செகண்ட் ஹேண்ட்ல வாங்கறப்ப இந்த ஒரு கேள்வியை வாட்ஸ்அப்ல கேட்டு வையுங்க. ப்ளூ டிக் விழுந்தா ஸ்க்ரீன்ஷாட் எடுங்க.

ஒரு வாக்குக்கு பதிலா எதிர்ப்பக்கத்துல இருந்தும் ஏதாவது ஒண்ணு வரணும்ங்கறது அடுத்தது, சும்மா "தர்றேன்"னு சொன்ன வாக்கை கோர்ட்ல கேக்க முடியாது. ஆனா அந்த ஒண்ணு, வாக்கு வாங்கினவர்கிட்ட இருந்தே வரணும்னு இல்ல. 1882ல சின்னையா – ராமய்யா கேஸ்ல ஒரு அம்மா மகளுக்கு சொத்தை எழுதிக் குடுத்தாங்க, மகள் வருஷா வருஷம் அம்மாவோட கூடப் பொறந்தவங்களுக்கு பணம் தர்றதா எழுதிக் குடுத்துட்டு அப்புறம் "அவங்க எனக்கு ஒண்ணும் தரலையே"ன்னு கை விரிச்சாங்க. அம்மா குடுத்த சொத்தே போதும், கட்டுன்னு சொன்னது மெட்ராஸ் ஹைகோர்ட். சென்னை பாரிஸ் கார்னர்ல இப்ப இருக்கற ஹைகோர்ட்டோட செவப்பு கட்டடம் 1892லதான் தொறந்தாங்க, தீர்ப்பு அதைவிட பழசு.

படி 3: விலையும் அட்வான்ஸும்

விலை பேசாம சரக்கு எடுத்துட்டா ஒப்பந்தம் செல்லாம போயிடாது, நியாயமான விலை தரணும்னு 1930 சட்டத்தோட 9வது பிரிவு. தெரிஞ்ச கடைல "எழுதிக்கோங்கண்ணா"ன்னு சொல்லிட்டு எடுத்துக்கினு வர்றோமே, அதுக்கெல்லாம் இதுதான். சண்டை வந்தா அன்னைக்கு மார்க்கெட்ல என்ன விலையோ அதைத்தான் பாப்பாங்க.

அட்வான்ஸ்லதான் அடிதடியே. "அட்வான்ஸ் திரும்பத் தர முடியாது"ன்னு துண்டு சீட்டுல அச்சடிச்சிருப்பாங்க. அந்த காசு எதுக்கு குடுத்ததுங்கறதைப் பொறுத்து பதில் மாறும். ஒப்பந்தத்துல இருந்து நழுவ மாட்டேன்ங்கறதுக்கு அடையாளமா குடுத்த முன்பணம்னா, நீங்களா பின்வாங்கினா அது போகலாம். விலையில ஒரு பகுதியா முன்கூட்டியே கட்டினதுன்னா, விக்கறவர் தனக்கு ஆன நஷ்டத்தைக் கழிச்சுக்கிட்டு மிச்சத்தைத் தரணும். எப்படி இருந்தாலும் தண்டனை மாதிரி பெரிய தொகையைப் புடுங்கிக்க முடியாது, எழுதி வச்ச தொகைக்குள்ள நியாயமான ஈடு மட்டும்தான்னு ஒப்பந்தச் சட்டத்தோட 74வது பிரிவு. விக்கறவர் பின்வாங்கினா முழுசா திரும்பி வந்தாகணும், இதுல பேச்சே இல்ல.

அட்வான்ஸ் சீட்டுல நாலு விஷயம் இருக்கான்னு பாருங்க: எந்தப் பொருள், மொத்த விலை, எந்த தேதிக்குள்ள, கேன்சல் ஆனா எவ்ளோ கழிப்பாங்க. நாலாவது பெரும்பாலும் இருக்காது, நீங்களே பேனாவை வாங்கி எழுதச் சொல்லுங்க. கல்யாண சீசன்ல ஒரு துணிக்கடையில நான் எழுதச் சொன்னப்ப அந்த அண்ணன் என்னை ஒரு மாதிரி மேலயும் கீழயும் பாத்தாரு, எழுதினாரு.

படி 4: பொருள் எப்ப உங்களோடதா ஆகுது

இப்ப மழைல ஊறின மூட்டைக்கு வருவோம். இதை மட்டும் நிதானமா படிங்க.

இந்த படில வர்ற பிரிவு எல்லாம் 1930 சட்டத்தோடது. 26வது பிரிவு சொல்றது: பொருள் யாரோடதோ ஆபத்தும் அவரோடது. காசு குடுத்தாச்சா, கைக்கு வந்துச்சான்னு கேக்காது. 20வது பிரிவு சொல்றது: இதுதான் பொருள்னு அடையாளம் காட்டி, அது குடுக்கற நிலைமைல தயாரா இருந்து, நிபந்தனை எதுவும் இல்லாம பேசி முடிச்சா, அப்பவே அது வாங்கினவரோடது, காசு நாளைக்குன்னாலும் டெலிவரி நாளைக்குன்னாலும் சரி. நீங்க பொறுக்கி எடுத்து மூட்டை கட்டி பேரு எழுதி வச்ச நைட்டி இந்த கணக்குல வருது.

கடைக்காரருக்கு பொறுப்பே இல்லையான்னா இருக்கு. உங்க பொருளை அவர் பாதுகாத்து வச்சிருக்காரு, சாதாரணமா ஒரு மனுஷன் தன் பொருளை எப்படி பாத்துக்குவானோ அப்படி பாத்துக்கணும். வருஷா வருஷம் தண்ணி பூர்ற கடைன்னு தெரிஞ்சும் தன் சரக்கை எல்லாம் மேல் ரேக்ல ஏத்திட்டு உங்க மூட்டையை மட்டும் தரைல விட்டிருந்தா நஷ்டம் அவரோடது. அவர் தப்பால டெலிவரி லேட் ஆகி, அந்த லேட்டால நஷ்டம் வந்திருந்தாலும் அப்படித்தான்.

இப்ப கதையைக் கொஞ்சம் மாத்துங்க. நீங்க பொறுக்கி எடுக்கல, போன்ல "அந்த 210 ரூவா ரகத்துல 120 பீஸ் போட்டு வைங்க"ன்னு மட்டும் சொன்னீங்க, அவர் குடோன்ல அந்த ரகம் ரெண்டாயிரம் பீஸ் கிடக்கு, இன்னும் பிரிச்சு எடுக்கல. அப்ப எந்த 120ன்னே தெரியாதே, எது உங்களோடது? எதுவும் இல்ல. 18வது பிரிவு. மழை வந்தா மொத்தமும் அவரோட நஷ்டம். அவர் பிரிச்சு எடுத்து உங்க சம்மதத்தோட ஒதுக்கி வச்ச பிறகுதான் மாறும்.

இன்னொரு மாத்தம். பொருள் அடையாளம் தெரியுது, ஆனா விலை கிலோ கணக்குல, விக்கறவர் எடை போட்டாதான் எவ்ளோன்னு தெரியும். கொட்டி வச்ச ஒரு குவியல் இறால், பழைய இரும்பு, மூட்டை மொளகா எல்லாம் இந்த ரகம். எடை போட்டு அது உங்களுக்குத் தெரியற வரைக்கும் அவரோடது, 22வது பிரிவு.

சௌகார்பேட்டைல "வீட்ல காட்டிட்டு வர்றேன்"னு பட்டுப்புடவை எடுத்துக்கினு போறது, என்எஸ்சி போஸ் ரோட்ல நகை எடுத்துட்டுப் போறது, இதெல்லாம் அப்ரூவல். 24வது பிரிவுப்படி மூணு வழில அது உங்களோடதா மாறும். புடிச்சிருக்குன்னு சொன்னா. சொந்தக்காரர் மாதிரி ஏதாவது செஞ்சா, அதாவது அடகு வச்சா, வித்தா. இல்ல சொன்ன தேதி தாண்டி, தேதி சொல்லலைன்னா நியாயமான நாள் தாண்டி, வேணாம்னு சொல்லாம வச்சிருந்தா. மூணாவதுலதான் மாட்டிக்குவோம். திருப்பிக் குடுக்க நேரம் இல்லைன்னா வேணாம்னு ஒரு மெசேஜாவது தட்டிவிட்டுடணும்.

லாரில ஏத்தி விடறது தெனமும் நடக்கற சமாச்சாரம். பாரிஸ்ல இருந்து திருநெல்வேலிக்கு பார்சல் ஆபீஸ்ல போட்டு எல்ஆர்ங்கற லாரி ரசீது வாங்கிட்டா, சாதாரணமா அங்கயே டெலிவரி ஆனதாதான் கணக்கு, வழில லாரி கவுந்தா வாங்கறவரோட ரிஸ்க். ஊர்ல கைக்கு வந்த பிறகுதான் என் பொறுப்புன்னு வேணும்னா முன்னாடியே சொல்லி எழுதி வாங்கணும். இந்த விதி எல்லாமே "வேற மாதிரி பேசிக்கலைன்னா"ங்கறதுக்கு கீழதான் வருது, பேசினா பேசினதுதான் நிக்கும். "சரக்கு எடுத்துட்டுப் போற வரைக்கும் ரிஸ்க் கடையோடது"ன்னு ஒரு வரி பில்லுல எழுதச் சொல்லியிருந்தா அந்த நைட்டி மூட்டை கடைக்காரர் தலையிலதான்.

படி 5: அது விக்கறவரோட பொருள்தானா?

தன்கிட்ட இல்லாததை ஒருத்தர் அடுத்தவருக்குக் குடுக்க முடியாது. திருட்டு போன் தெரியாம வாங்கினாலும் காசு குடுத்து வாங்கினாலும் அது உங்களோடது ஆகாது, சொந்தக்காரர் வந்து கேட்டா குடுத்துதான் ஆகணும். ஆனா வித்தவன்கிட்ட முழு காசையும் திரும்பக் கேக்கலாம். 1923ல ரௌலண்ட் – டிவால் கேஸ்ல ஒருத்தர் வாங்கின கார் நாலு மாசம் போல ஓடிடுச்சு, அப்புறம் அது திருட்டு கார்னு தெரிஞ்சு போலீஸ் எடுத்துட்டுப் போச்சு. ஓட்டின நாளுக்குக் கூட கழிக்காம முழு விலையும் திரும்பக் கெடச்சுச்சு, ஏன்னா அவர் காசு குடுத்தது சொந்தமாக்கிக்கறதுக்கு, வாடகைக்கு இல்ல.

பைக் விக்கறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாவியைக் குடுத்து காசு வாங்கிட்டா சரக்கு சட்டப்படி வண்டி அவரோடதா ஆகியிருக்கலாம், ஆனா ஆர்சில உங்க பேரு இருக்கற வரைக்கும் விபத்து நடந்தா நஷ்ட ஈடு கேஸ்ல ஓனர் நீங்கதான்னு 2018ல நவீன் குமார் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருச்சு. வாங்கினவர் மாத்திக்குவாருன்னு விட்டுடாதீங்க, வித்தவர் 14 நாளைக்குள்ள ஆர்டிஓக்கு தெரிவிக்கணும்னு மோட்டார் வாகனச் சட்டத்துலயே இருக்கு.

படி 6: பொருள் வந்துடுச்சு, சரியில்ல

வாங்கறவன்தான் உசாரா இருக்கணும்ங்கறது பழைய விதி, இன்னும் சட்டத்துல இருக்கு, ஆனா அதுல ஓட்டை நிறைய போட்டுட்டாங்க. சொன்ன ரகமே வரணும். சாம்பிள் காட்டினா மொத்தமும் சாம்பிள் மாதிரி இருக்கணும், சாம்பிள்ல கண்ணுக்குத் தெரியாத குறையும் இருக்கக் கூடாது. எதுக்கு வேணும்னு சொல்லி, கடைக்காரர் அனுபவத்தை நம்பி வாங்கினா அதுக்கு உதவணும். 1936ல கிராண்ட் கேஸ்ல ஒருத்தர் கம்பளி உள்ளாடை வாங்கிப் போட்டு, துணில மிச்சம் இருந்த கெமிக்கலால தோல் வெந்துபோய் கடைக்காரர் மேலயும் கம்பெனி மேலயும் ஜெயிச்சாரு. உள்ளாடையை எதுக்கு வாங்கறாங்கன்னு வேற தனியா சொல்லணுமான்னு கேட்டுருச்சு கோர்ட்.

எண்ணிக்கை மாறினா: கம்மியா வந்தா மொத்தத்தையும் வேணாம்னு சொல்லலாம், இல்ல வந்ததுக்கு மட்டும் காசு தரலாம். அதிகமா வந்தா கேட்டதை மட்டும் வச்சுக்கலாம், மொத்தமாவும் தள்ளலாம். வேற ரகம் கலந்து வந்தாலும் இதே கதை.

இங்க நேரம் ரொம்ப முக்கியம். பார்சலைப் பிரிச்சுப் பாக்க உங்களுக்கு உரிமை இருக்கு, ஆனா பிரிச்சுப் பாக்காம வாரக்கணக்குல வச்சிருந்தாலோ, அதுல கொஞ்சம் வித்துட்டாலோ ஒத்துக்கிட்டதா ஆயிடும், அப்புறம் திருப்பி அனுப்ப முடியாது, நஷ்டம் மட்டும்தான் கேக்கலாம். அதனால வந்த அன்னைக்கே பிரிங்க, பிரிக்கறதை வீடியோ எடுங்க, குறைன்னா அன்னைக்கே மெசேஜ். வேணாம்னு சொல்லிட்டா நீங்க செலவு பண்ணி திருப்பி அனுப்பணும்னு கட்டாயம் இல்ல, எடுத்துட்டுப் போங்கன்னு சொன்னா போதும், 1930 சட்டத்தோட 43வது பிரிவு.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" போர்டைப் பாத்து பயப்படாதீங்க. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019ல, பழுதான பொருளை பில்லுல சொன்ன நாளுக்குள்ள, ஒண்ணும் சொல்லலைன்னா 30 நாளைக்குள்ள, திரும்ப எடுக்க மறுக்கறது நியாயமற்ற வணிக முறை. பில்லு தராததும் அப்படித்தான். கலர் புடிக்கலைன்னு போனீங்கன்னா மட்டும் அது அவர் இஷ்டம்.

படி 7: சரக்கு போயிடுச்சு, காசு வரல

விக்கறவங்க பக்கம். சரக்கு இன்னும் உங்க கைல இருந்தா, அது வாங்கினவரோடதா ஆகியிருந்தாலும், கடன் பேசலைன்னா காசு வர்ற வரைக்கும் புடிச்சு வைக்கலாம். லாரில போய்க்கினு இருக்கறப்ப அவர் ஊர்ல யாருக்கும் பணம் கட்ட முடியாம மூழ்கிட்டாருன்னு தெரிஞ்சா லாரிக்காரருக்கு சொல்லி நிறுத்தலாம். இப்படி புடிச்சு வச்ச சரக்கை வேற ஆளுக்கு விக்கறதுக்கு முன்னாடி வாங்கினவருக்கு நோட்டீஸ் குடுத்து டைம் குடுக்கணும், குடுக்காம வித்தா நஷ்டத்தைக் கேக்க முடியாது, லாபம் வந்தா அதுவும் அவருக்கு. அழுகற பொருளுக்கு மட்டும் நோட்டீஸ் வேணாம். ஏலம் எடுத்துட்டு காசு கட்டாம எஸ்கேப் ஆனவனுக்காக வஞ்சிரத்தை வெயில்ல வச்சுக்கினு காத்திருக்க சட்டமே சொல்லல.

சரக்கு கை விட்டுப் போச்சுன்னா பாக்கிக்கு கேஸ் போட 3 வருஷம். கடன் கெடு பேசியிருந்தா கெடு முடிஞ்சதுல இருந்து, இல்லைன்னா டெலிவரி நாள்ல இருந்து. அந்த 3 வருஷம் முடியறதுக்குள்ள "இவ்ளோ பாக்கி இருக்கு"ன்னு கையெழுத்து வாங்கிட்டா கணக்கு புதுசா ஆரம்பிக்கும். செக் ரிட்டர்ன் ஆச்சுன்னா பேங்க் சொன்ன 30 நாளைக்குள்ள எழுத்துல நோட்டீஸ், அவருக்கு 15 நாள் டைம், அதுக்கு மேல ஒரு மாசத்துக்குள்ள கம்ப்ளைண்ட். தேதி தவறினா பெரிய பேஜாரு, அதனால செக் திரும்பி வந்த அன்னைக்கே வக்கீலைப் பாருங்க. பொருளை தயாரிச்சு சப்ளை பண்ற சின்ன யூனிட்டா இருந்து, சிறுதொழிலுக்கான உத்யம்ங்கற அரசுப் பதிவும் இருந்தா, அதிகபட்சம் 45 நாளைக்குள்ள காசு வரணும், தாண்டினா ரிசர்வ் பேங்க் வட்டி விகிதத்தைப் போல மூணு மடங்கு கூட்டு வட்டி.

படி 8: நஷ்டம் எவ்ளோ கேக்கலாம்

சாதாரணமா ஒப்பந்த விலைக்கும் அன்னைக்கு மார்க்கெட் விலைக்கும் உள்ள வித்தியாசம். 100 ரூவாய்க்கு பேசினதை அவர் தராம நீங்க வெளிய 130க்கு வாங்கினா 30. அதுக்கு மேல "இதனால என் லாபம் போச்சு"ன்னு கேக்கறதுக்கு ஒரு பழைய மெட்ராஸ் கேஸ் இருக்கு, எனக்கு ரொம்ப புடிச்சது. ஒரு டெய்லர், ஊர்ல திருவிழா, அங்க போய் தச்சா நல்ல வரும்படின்னு தையல் மெஷினையும் துணியையும் ரயில்ல புக் பண்ணாரு. ரயில்வே லேட் பண்ணிடுச்சு, திருவிழா முடிஞ்சு போச்சு. போன லாபத்தைக் கேட்டு கேஸ் போட்டாரு, 1898ல தோத்துட்டாரு. ஏன்? எதுக்காக அனுப்பறேன்னு புக் பண்றப்ப ரயில்வேகிட்ட சொல்லவே இல்ல. சொல்லாத நஷ்டத்துக்கு எதிராளி பொறுப்பில்லைன்னு ஒப்பந்தச் சட்டத்தோட 73வது பிரிவு. ஆர்டர் குடுக்கறப்பவே "12ஆம் தேதி கல்யாணம், 10க்குள்ள வரலைன்னா எனக்கு இவ்ளோ நஷ்டம்"னு ஒரு வரி மெசேஜ் போட்டு வையுங்க. அப்புறம் நஷ்டத்தைக் கொறைக்க உங்களால முடிஞ்சதை நீங்களும் செஞ்சிருக்கணும்.

எதிராளி "முடியாத சூழ்நிலை"ன்னு சொன்னா? நெஜமாவே நடக்க முடியாததா ஆயிட்டா அதே சட்டத்தோட 56வது பிரிவு அவரை விட்டுடும். விலை ஏறிப்போச்சு, கட்டுப்படியாகலங்கறது அதுல வராது. முன்னாடியே தெரிஞ்ச தடையும் வராது. கிழக்குக் கரைல ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் லாஞ்ச் கடலுக்குப் போகாதுன்னு ஊருக்கே தெரியும், மே மாசம் லாஞ்ச் மீன் தர்றேன்னு அட்வான்ஸ் வாங்கிட்டு தடைக்காலம்னு கையை விரிச்சா செல்லாது.

படி 9: எங்க போறது

சொந்தத்துக்கோ, சுயதொழில் பண்ணி பொழைக்கறதுக்கோ வாங்கினதுன்னா நுகர்வோர் ஆணையம். வாங்கி விக்கற வியாபாரம்னா சிவில் கோர்ட். மாவட்ட ஆணையத்துல நீங்க குடுத்த விலை 50 லட்சம் வரைக்கும் போடலாம், 5 லட்சம் வரைக்கும் பீஸ் கிடையாது, வக்கீல் இல்லாமயும் போகலாம், 2 வருஷத்துக்குள்ள போடணும். அதுக்கு முன்னாடி தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணிப் பாருங்க, பெரிய கம்பெனியா இருந்தா பாதி கேஸ் அங்கயே முடிஞ்சுடும். வக்கீல் வேணும், காசு இல்லைன்னா சட்ட உதவி ஆணையம் இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காமலே இலவசம்.

வாட்ஸ்அப் சாட்டை ஆதாரமா குடுக்கறதுன்னா வெறும் பிரிண்ட் அவுட் பத்தாது. 2024 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்கற பாரதிய சாக்ஷிய அதினியம்ங்கற புது சாட்சியச் சட்டத்தோட 63வது பிரிவுப்படி, எந்த போன், எப்படி எடுத்ததுன்னு ஒரு சர்டிஃபிகேட்டும் கூட வைக்கணும். அதனால கேஸ் முடியற வரைக்கும் அந்த போனை விக்காதீங்க, எக்ஸ்சேஞ்ச்லயும் போடாதீங்க, சாட்டையும் அழிக்காதீங்க.